காணாமற்போன பாதி

பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தில் ஒரு கணக்கு வருகிறது. அதைக் கரும்பலகையில் போட்டு முடித்து, சுண்ணக்கட்டியை நாம் கீழே வைப்பதற்குள் பின் வரிசையிலிருந்து யாராவது ஒருவன் எழுந்துவிடுவான். வருஷந்தோறும் பையன்கள் மாறுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. "அப்படியானால் மற்றப் பாதி எங்கே போயிற்று, ஸார்?" என்பதே அது. மிகவும் நியாயமான கேள்வி. பாடப் புத்தகங்களோ "இயக்க சக்தி இழப்பு" என்று இரண்டு சொற்களில் இதைத் தள்ளிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகின்றன. இந்த அவசரம் நமக்கு உடன்பாடில்லை. தெருவில் வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வியோடு சம்பந்தம் உண்டு. ஆகையால் இந்த வாரம் அந்தப் பாதியைத் தேடிப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. ரயில்வே யார்டில் 20 டன் எடையுள்ள ஒரு சரக்குப் பெட்டி சும்மா நிற்கிறது. அதே எடையுள்ள இன்னொரு பெட்டி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உருண்டு வந்து அதன்மேல் மோதுகிறது. மோதிய கணத்தில் கொக்கிகள் பூட்டிக்கொள்ள, இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து நகர்கின்றன. என்ன வேகத்தில்? எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் தொகைக்கு உந்தம் என்று பெயர். வெளியிலிருந்து யாரும் தள்ளாமலும் தடுக்காமலும் இருக்கிறவரையில் இத்தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மோதலுக்கு முன் 20-ஐ 2-ஆல் பெருக்க 40. மோதிய பின்னும் 40-தான் இருக்கவேண்டும். எடையோ இப்போது 40 டன். ஆகவே வேகம் விநாடிக்கு 1 மீட்டர். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இனி இயக்க சக்தியைப் பார்க்கலாம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை எடையால் பெருக்கி, வருவதில் பாதியை எடுத்துக்கொண்டால் அது கிடைக்கும். முன்னே ஓடி வந்த பெட்டிக்கு 40,000 ஜூல். பின்னே சேர்ந்து போகும் இரண்டு பெட்டிகளுக்கும் கூடி 20,000 ஜூல்தான். பாதியைக் காணோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டிகளை எதனால் ஒட்டவைத்தோம் என்பதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. இரும்புக் கொக்கியானாலும் சரி, நடுவில் அப்பிய களிமண்ணானாலும் சரி, மோதிய பிறகு இரண்டும் ஒரே வேகத்தில் போனால் பாதி போய்த்தான் தீரும். மீட்டர் கணக்கில் நசுங்கும் மெத்தை வைத்தாலும் பாதி. மயிரிழை அளவே வளையும் எஃகு வைத்தாலும் அதே பாதி. பட்டியலில் எழுதிய தொகையைப்போல அது முன்னதாகவே தீர்மானமாகிவிடுகிறது. பொருள்கள் நிர்ணயிப்பது, அந்தத் தொகை எங்கே, எவ்வளவு நேரத்தில் செலவாகிறது என்பதை மட்டுமே. நேயர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரையில் நமக்கு அது பயன்படும்.

கோலிக்குண்டுகள் நேருக்கு நேராக மோதினால் இப்படி ஆவதில்லை. வந்த குண்டு ஏறக்குறைய நின்றுவிட, நின்ற குண்டு அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. உந்தமும் சரியாக இருக்கிறது. இயக்க சக்தியும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இதை மீட்சி மோதல் என்பார்கள். பெட்டிகள் பூட்டிக்கொண்டது மீட்சியற்ற மோதல். உலகத்தில் நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கேயோ நிற்பவை.

பிளாட்பாரத்தில் ஒருவர், பெட்டி உருண்டு வந்த அதே திசையில், விநாடிக்கு 1 மீட்டர் வீதம் சாவதானமாக நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்கு ஒரு பெட்டி பின்னாலிருந்து விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வருகிறது. "நிற்கும்" பெட்டி முன்னாலிருந்து அதே வேகத்தில் அவரை நோக்கி வருகிறது. இரண்டும் மோதி அவர் பக்கத்திலேயே அசையாமல் நின்றுவிடுகின்றன. அவர் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் 10,000 ஜூல், ஆக 20,000, கடைசியில் சூன்யம். நின்று பார்த்தவர் 40,000-த்தில் 20,000 போயிற்று என்கிறார். நடந்து பார்த்தவர் 20,000-த்தில் முழுவதும் போயிற்று என்கிறார். இருப்பைப் பற்றி இருவரும் ஒத்துப் போகவில்லை. இழப்பைப் பற்றி ஒரு ஜூல்கூட வித்தியாசம் இல்லை. வெறும் கணக்கு வித்தையாயின் இவ்வளவு பொருத்தம் வராது. உண்மையாகவே எங்கேயோ 20,000 ஜூல் இறங்கியிருக்கிறது.

எங்கே இறங்கிற்று என்பதைப் பற்றி ஐரோப்பியப் பண்டிதர்கள் வெகு காலம் சண்டையிட்டார்கள். இயக்கத்தின் அளவு எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதே என்பது டெகார்த்தின் கட்சி. 1686-ஆம் வருஷத்தில் லைப்னிட்ஸ் அதை மறுத்து, வேகத்தை வேகத்தால் பெருக்கியே உயிருள்ள சக்தியை அளக்கவேண்டும் என்றார். வாய்ச் சண்டையாக இருந்ததைக் களிமண் பக்கம் திருப்பியவர் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் ஆசிரியராயிருந்த கிராவசாண்டே. ஒரே அளவும் வெவ்வேறு எடையும் உள்ள பித்தளைக் குண்டுகளை அவர் மிருதுவான களிமண்மேல் விழச் செய்து, பதிந்த குழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இரு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு இரு மடங்கு குழி செய்யவில்லை; நான்கு மடங்கு செய்தது. அது வரை எதிர்க் கட்சியில் இருந்தவர், குழிகளைப் பார்த்ததும் கட்சி மாறினார்; மோதல்களைப் பற்றிய தம் நூலை 1722-ல் வெளியிட்டார். சோதனைக்குத் தலைவணங்கிய இந்தக் குணம் பண்டிதர்களிடம் அடிக்கடி காணக்கூடியதல்ல.

இச்சோதனையின் பொருளைப் பிரெஞ்சு தேசத்தில் பரப்பியவர் எமிலி து ஷாத்தலே என்னும் சீமாட்டி. பௌதிகத்தின் அடிப்படைகளைப் பற்றி 1740-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். பாரிஸ் சயன்ஸ் அகாடமியின் காரியதரிசியாயிருந்த மேரான் அதை ஆட்சேபித்தபோது, அவருக்கு அச்சிலேயே பதில் கொடுத்தார். நியூட்டனின் மகா கிரந்தத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. பிரசவத்துக்குப் பின் 1749-ல் அவர் இறந்தார். மொழிபெயர்ப்பு முழுவதும் 1759-ல்தான் வெளிவந்தது.

களிமண் சோதனையை நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். பிள்ளையார் பிடிக்கிற ஈரக் களிமண்ணைத் தட்டையாக வைத்து, ஒரு கனமான குண்டை ஒரு ஜாண் உயரத்திலிருந்து ஒரு தடவையும் நான்கு ஜாண் உயரத்திலிருந்து ஒரு தடவையும் விழவிட வேண்டும். நான்கு ஜாணிலிருந்து விழுந்த குண்டுக்கு இரு மடங்கு வேகமே இருக்கும். இரண்டு குழிகளிலும் பொடி உப்பை நிரப்பி அளந்தால், இரண்டாவது குழி ஏறக்குறைய நான்கு மடங்கு கொள்ளும்.

ஆனால் நசுங்கிய களிமண்ணுக்குள் போன சக்தி பிறகு என்ன ஆயிற்று? மிருதுவான இரண்டு பொருள்கள் மோதி நின்றால் அவற்றின் சக்தி ஒழிந்துபோகிறது என்று சாமுவேல் கிளார்க் வாதித்தார். அதற்கு லைப்னிட்ஸ் தம் கடைசிக் காலத்தில், 1716-ல், எழுதிய மறுமொழியில் ஓர் உவமை சொன்னார். பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றினால் பணம் அழிந்துவிடுவதில்லை. அதுபோலச் சக்தியும் பொருளின் நுண்ணிய பகுதிகளுக்குள் சிதறிப்போகிறதேயன்றி அழிவதில்லை என்றார். அப்போது அதை நிரூபிக்க வழியில்லை. 1840-களில் ஜூல் என்னும் ஆங்கிலேயர் தண்ணீரைத் துடுப்புகளால் கலக்கி, அது எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தபோதுதான் அச்சில்லறையின் பெயர் உஷ்ணம் என்பது ஊர்ஜிதமாயிற்று. ஈயத் துண்டு ஒன்றைச் சுத்தியலால் இருபது முப்பது தடவை அடித்துவிட்டு உடனே கன்னத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் இதை உணரலாம். சில்லறை மாற்றினது மாற்றினதுதான். சூடான ஈயம் தன் உஷ்ணத்தைத் திரட்டிச் சுத்தியலை மேலே தூக்கி எறிந்ததாக வரலாறு இல்லை.

இந்த உருமாற்றம் எப்போதும் நஷ்டம் என்று எண்ணிவிடக் கூடாது. கொல்லர் அதைத்தான் விரும்புகிறார். நின்றிருக்கும் பொருளின்மேல் ஒன்று மோதிச் சேர்ந்துகொண்டால், மொத்த எடையில் நின்ற பொருள் எத்தனை பங்கோ அத்தனை பங்கு இயக்க சக்தி உருமாறிப்போகும். சம்மட்டி 2 கிலோ, பட்டடை 98 கிலோ என்றால், 100-க்கு 98 பங்கு இரும்பை நசுக்குவதில் செலவாகிறது. 2 பங்குதான் பட்டடையை அசைக்கப் போகிறது. பட்டடை கனமாயிருப்பதன் ரகசியம் இதுவே. ஆணி அடிக்கும் தச்சருக்கோ நேர்மாறான தேவை. அரைக் கிலோ சுத்தியல், 5 கிராம் ஆணி: 100-க்கு 99 பங்கு இயக்கமாகவே மிஞ்சி ஆணியை மரத்துக்குள் இறக்குகிறது. இரு தொழிலாளிகளும் இந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. கருவிகளை மட்டும் பிசகில்லாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

இனிச் சாலைக்கு வருவோம். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க சக்தி ஏறக்குறைய 1,39,000 ஜூல். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமார் 33 டிகிரி சூடாக்குவதற்கு மேல் அது உதவாது, காபிக்குக்கூடக் காணாது. பெட்ரோலாகச் சொன்னால் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இவ்வளவு அற்பமான சக்தி மனிதர்களைக் கொல்வது, அது செலவாகும் இடமும் நேரமும் குறுகியிருப்பதனால். உயரமாகச் சொன்னால் அதன் உக்கிரம் விளங்கும்: 60 கிலோமீட்டர் வேகம், சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமானம். 30 கிலோமீட்டராயின் 3.5 மீட்டர்தான். லைடன் நகரத்துக் களிமண் சொன்ன அதே நாலு மடங்கு.

"அந்தக் காலத்துக் கார் என்றால் இரும்புக் கோட்டை; இப்போது வருவதெல்லாம் தகர டப்பா, தொட்டால் நசுங்குகிறது" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். நசுங்குவதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியின் எஞ்சினீயர் பேலா பாரெனி என்பவர், பிரயாணிகள் உட்காரும் அறை மட்டும் உறுதியாகவும் முன்னும் பின்னும் உள்ள பாகங்கள் மடிந்து நசுங்கக்கூடியனவாகவும் இருக்கவேண்டும் என்று கண்டு, 1952-ல் காப்புரிமை பெற்றார். 1959-ல் அப்படிப்பட்ட கார் விற்பனைக்கு வந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் கார், தன் முன்பாகம் அரை மீட்டர் நசுங்கி நின்றால், பெல்ட் அணிந்து உள்ளே இருப்பவர்மேல் சராசரியாக அவர் எடையைப்போல் 28 மடங்கு விசை பாய்கிறது. நசுங்காத இரும்புக் கோட்டை 5 சென்டிமீட்டரில் நின்றால் 280 மடங்கு. செலவாகும் சக்தி இரண்டிலும் ஒன்றே. முன்னதில் தகடுகள் கொடுத்தன. பின்னதில் விலா எலும்புகள் கொடுக்கின்றன.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காக இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நிறுவனம் ஒன்று, 2009-ல் இதைக் கண்ணெதிரே காட்டிற்று. 1959-ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் வருஷத்து ஷெவர்லே மாலிபு காரையும், தலைக்கு மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி எதிரெதிரே மோதவிட்டார்கள். புதிய காரின் உட்புறம் குலையவில்லை. அதில் வைத்த பொம்மைக்குக் காலில் இலேசான காயத்துக்கான அடையாளமே தென்பட்டது. பழைய காரின் அறை உள்ளே மடங்கிவிட்டது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பது அந்நிறுவனத்தின் முடிவு.

இவ்விடத்தில் ஒரு பொய் நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். தலைக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே மாதிரியான இரண்டு கார்கள் எதிரெதிரே மோதினால், அது 120 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதியதற்கு ஒப்பு என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அப்படியல்ல. பிளாட்பாரத்தில் நடந்தவர் கண்ட காட்சியே இது: இரண்டும் நடுவில் நின்றுவிடுகின்றன, ஒவ்வொன்றும் தன் சக்தியை மட்டும் செலவிடுகிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் அது 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதியதுதான். 120 என்றால் செலவு நான்கு மடங்காகிவிடும்.

ஆனால் இந்தச் சமாதானம் சம எடையுள்ளவர்களுக்கே உரியது. ஒரு பக்கம் 10 டன் லாரி, மறு பக்கம் ஆளோடு சேர்த்து 200 கிலோ ஸ்கூட்டர். இருவரும் மணிக்கு 60 கிலோமீட்டர். மோதிச் சேர்ந்து நகர்வதாகக் கணக்கிட்டால், லாரியின் வேகம் 60-லிருந்து சுமார் 57.6-க்கு இறங்குகிறது. ஓட்டுபவருக்கு ஒரு சிறு குலுங்கல். ஸ்கூட்டரோ 60-ல் முன்னே போய்க்கொண்டிருந்தது, 57.6-ல் பின்னே தள்ளப்படுகிறது. அதன் வேகம் மாறியது ஏறக்குறைய 118 கிலோமீட்டர். சுவரைப் பற்றி மேலே பொய் என்று சொன்னது ஸ்கூட்டர்காரருக்கு மெய்யாகிவிடுகிறது. மேலும் அவருக்கு முன்னால் நசுங்கிக் கொடுக்க அரை மீட்டர் தகடு கிடையாது. செலவு முழுவதும், பேச்சு வழக்கில் சொல்வதுபோல், அவர் தலையில் விழுகிறது.

அந்தத் தலைக்கு உள்ள ஒரே சாதனம் ஹெல்மெட் என்கிற தலைக்கவசம். "அரேபியாவின் லாரன்ஸ்" என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ல் கவசமின்றி மோட்டார் சைக்கிளில் சென்று விபத்துக்குள்ளாகி இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளைச் சிகிச்சை நிபுணர் இவ்விஷயத்தை ஆராயத் தொடங்கி, 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையில், கவசம் அணிந்திருந்தவர்களின் காயங்கள் இலேசாயிருப்பதை எடுத்துக் காட்டினார். அந்த வருஷ இறுதியிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிற்று.

வெளி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடு கூர்மையான பொருள் உள்ளே புகாமல் தடுக்கும். அடியை அகலமாகப் பரப்பும். செலவை ஏற்பது உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் போன்ற நுரைப் பொருள். இத்தகைய நசுங்கும் உறை வைத்த கவசத்துக்கு ராத், லம்பார்ட் என்னும் இருவர் 1953-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். வண்டி சாயும்போது தலை சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையை நோக்கி விழுகிறது. விழும் உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால், விசை எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். நுரை 3 சென்டிமீட்டர் நசுங்கினால் 50 மடங்கு. வெறுந்தலையாயின் தோலும் சதையும் இடம் கொடுப்பது 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம்: 500 மடங்கு. 5 கிலோ எடையுள்ள தலை விழும் இந்தச் சக்தி சுமார் 74 ஜூல். ஒரு தேக்கரண்டித் தண்ணீரை 4 டிகிரி சூடாக்கக்கூட அது போதாது. இந்த உயரத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்த தெருவில் காய்கறி வாங்கப் போகிறவருக்கும் உயரம் அதே 1.5 மீட்டர்தான்.

ரப்பரைப்போல் துள்ளும் உறையை வைத்தால் இன்னும் மெத்தென்று இருக்குமே என்று தோன்றலாம். அது தவறு. துள்ளும் பொருள் வாங்கிய சக்தியைத் திருப்பித் தந்துவிடுகிறது. தலையை நிறுத்துவதோடு விடாமல், வந்த வழியே எறியவும் செய்கிறது. தலைக்கு வேண்டியது கோலிக்குண்டின் குணமன்று, களிமண்ணின் குணம்: வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்கக் கூடாது. இதிலிருந்தே ஒன்று பெறப்படுகிறது. ஒரு தடவை நசுங்கிய நுரை மறுபடி எழாது. பலமான அடி பட்ட கவசத்தின் வெளி ஓடு எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும், உள்ளே அது செலவழிந்துபோன பொருள். விலையை நினைத்து அதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கும் வழக்கம் நல்லதல்ல.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவரோடு பின்னால் உட்கார்ந்து செல்பவரும் கவசம் அணிய வேண்டும் என்கிறது. வாரினால் தலையோடு இறுகப் பிணைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். நம் ஊர்களில் பலர் கவசத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தாடை வாரைக் காற்றில் ஆடவிட்டுப் போகிறார்கள். அந்தக் கவசம் தலைக்கு முன்னதாகவே கழன்று, தன் 3 சென்டிமீட்டர் நுரையோடு சாலையில் தனியே உருண்டு போகும்.